எதிர்த்தரப்பு ஏஜென்ட்

ஆறு தேர்தல் அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.
நடுவில் ஒரு மேசை, கம்பி வலை,
பெட்டியைக் கவிழ்த்தால் கொட்டும் சீட்டுகள்.
சென்னியப்பனை எனக்கு
எண்ணிக்கையாகத்தான் தெரியும்.

முதல் தடவை இருநூற்றுப் பன்னிரண்டில் ஜெயித்தார்.
கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் மூட்டை தூக்கியவர்,
கள்ளுக்கடை வாசலில் நின்று
சங்கச் சந்தாவுக்கு ரசீது கிழித்தவர்.
சின்னம் மண்வெட்டி.
எங்கள் தோழர்கள் சிரித்தார்கள்:
புரட்சிக்குக் கூப்பிட்டால்
வாய்க்கால் வெட்டப் போகிறவன்.
அது அவர் காதுக்குப் போயிற்று.
"ஆமாங்க, வாய்க்கால்தானுங்க" என்றார் அடுத்த கூட்டத்தில்.
"புரட்சி வர்ற வரைக்கும்
பயிரு காயக்கூடாதில்லீங்களா."

பதினோரு மாதம் மந்திரி.
திருவனந்தபுரத்தில் அவர் மலையாளத்தைக் கேட்டுப்
பாண்டி என்றார்கள்.
பொள்ளாச்சிக்குத் தண்ணீர் பேசப் போனால்
மலையாளத்தான் என்றார்கள்.
அந்தப் பதினோரு மாதத்தில்
பனையேறி விழுந்தவன் வீட்டுக்கு
மாதாமாதம் பணம் என்று ஒரு சட்டம்.
சித்தப்பா விழுந்த வருஷம்
எங்கள் அடுப்பு எரிந்தது அதில்தான்.
கட்சிக் கூட்டத்தில் நான் அதைச் சொன்னதில்லை.

பிறகு மழை பொய்த்த வருஷம்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளை மறித்திருந்தோம்,
தண்ணீர் விடாத ஊருக்குத்
தக்காளி எதற்கு என்று.
லாரி மேல் ஏறி நின்று சொன்னார்:
"அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வந்தேனுங்க.
ஆளியாறு அங்கயும் மண்ணாத்தான் கிடக்குது.
ஒப்பந்தத்தை எடுத்து வெச்சுக் கணக்குக் கேப்போம்,
கல்லைக் கீழ போடுங்க."
கல் நெற்றியில் பட்டது.
எறிந்தவன் எங்கள் ஆள்.
பெயர் தெரியும்; இன்றைக்கும் டீக்கடையில்
எனக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறான்.
அந்த முறை மூவாயிரத்துச் சொச்சத்தில் தோற்றார்.
கட்டை அவிழ்க்காமலே எண்ண வந்திருந்தார்.

எர்ணாகுளத்துக் கல்யாண மண்டபத்தில் கட்சி உடைந்தது.
இலை போடும்போது ஒரு கட்சி,
பாயசம் வரும்போது மூன்று.
மண்வெட்டி யாருக்கோ போயிற்று.
இவருக்கு மிஞ்சியது மேசை விளக்கு.
வேலந்தாவளம், எருத்தேம்பதி, வண்ணாமடை,
சைக்கிளில் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்:
"மண்வெட்டிக்குப் போட்டுறாதீங்க."
"உங்களுக்குத்தானே போடுவோம்" என்றார்கள்.
முப்பது வருஷம் தானே பழக்கிய கை
அவர் சொல்லியும் திரும்பவில்லை.
இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு வக்கீலுக்கு
மண்வெட்டியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு.
முப்பத்தேழில் ஜெயித்தது எங்கள் ஆள்.

மறு எண்ணிக்கை கேட்டார்.
ராத்திரி இரண்டு மணி. பெட்ரோமாக்ஸ் சீறல்.
ஒரு சீட்டில் முத்திரையே இல்லை,
பென்சிலில் ஏதோ கோணலாக.
அதிகாரி கொல்லத்துக்காரர். தமிழ் தெரியாது.
என்னிடம் நீட்டினார், படிக்கச் சொல்லி.

"எங்க சென்னியப்பண்ணனுக்கு."

படித்தேன். என் குரல்தானா அது.
ஆட்சேபணை சொல்ல வேண்டியவன் நான்.
வாய் வரவில்லை.
அவர்தான் சொன்னார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே:
"பேரெழுதினாச் செல்லாதுங்க சார். சட்டம்."
அப்படிப் பதினாறு சீட்டு.
ஒவ்வொன்றையும் நான் படித்தேன்.
ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை.
சங்கத்தில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்,
எங்கள் ஆட்களுக்கும்.

போன ஆவணியில் இறந்தார்.
மூன்று கட்சியிலிருந்தும் கொடி வந்தது.
தெய்வாத்தாள் மூன்றையும் வாங்கி
நாற்காலி மேல் வைத்தாள்.
பிணத்தின் மேல் அவர் கட்டும் நாலு முழ வேட்டி,
கரை நைந்தது.
என்னைப் பார்த்து, "எண்ண வந்தீங்களா" என்றாள்.
கோபமா, தெரியவில்லை.

இப்போது மெஷின்.
போன மாதம் அதே பள்ளிக்கூடத்தில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால்,
எங்கள் சின்னத்தில்தான் அழுத்தினேன்.
பீப் என்றது.
சட்டைப்பையில் பென்சில் இருந்தது,
எழுத இடமில்லை.