பாலை ஊற்று

சீனக்குடா மா ஆலையில்
நாள் முழுக்க மூட்டை எண்ணுகிறவன் நான்.
ஏழு வருசத்தில் ஒரு பிழை விட்டதில்லை.
இரவு இரண்டரைக்கு, குசினி லைட்டுக்குக் கீழே,
நாலு கரண்டிப் பால்மாவை எண்ணத் தெரியவில்லை.

மூன்றா போட்டேன், நாலா?
கிளாரிஸ் உள்ளே கத்துகிறாள்.
போத்தலைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன்,
வெள்ளை எதையும் சொல்லித் தருவதாயில்லை.
கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன்.
தொட்டிக்குள் சுழன்று போவது
என் அரை மணித்தியாலச் சம்பளம்.

முதல் டின்னுக்கு மஞ்சள் மூடி.
மெட்டில்டாவுக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் பால் திரும்பாததால்
ஆஸ்பத்திரியில் எழுதித் தந்தது.
ஐந்து நாள் பிள்ளைக்கு வயிறு இறுகிப்போய்
முகம் சிவக்க முக்கினாள், ஒன்றும் வரவில்லை.
மதிலுக்கு மேலால் இமெல்டா சொன்னாள்:
‘அது சூடு. நீல மூடி வாங்குங்கோ,
என்ர மூண்டும் அதிலதான் வளந்தது.’

நீல மூடியை
குடித்த வேகத்திலேயே என் தோளில் திருப்பித் தந்தாள்.
வேலைச் சட்டையில் கோதுமை மா, அதற்கு மேல் பால்மா.
பஸ்ஸில் பக்கத்துச் சீட்காரர்
எழும்பி முன்னுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது, நஸ்மியின் பார்மசியில்
நகை மாதிரிக் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடந்தது.
திறப்பை எடுக்க முன்னம் அவன் விலையைச் சொன்னான்.
‘பாதி டின் வாங்கேலாதா?’
அவன் சிரிக்கவில்லை.
அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

திரும்பி வந்த பஸ்ஸின் பலகையில் எங்கள் ஊர்:
பாலையூற்று.
பிறந்த நாளிலிருந்து
பாலை மரத்தையும் ஊற்றையும் வாசித்த கண்
அன்றைக்குப் பிரித்து வாசித்தது:
பாலை ஊற்று.
கட்டளை.
எந்தப் பாலை என்று பலகையில் இல்லை.

ஒவ்வொரு புது டின்னையும்
மேசையில் நான் வைக்கும்போது
மெட்டில்டா வேறு பக்கம் பார்ப்பாள்.
டின் சரியில்லை என்று நான் சொல்வதெல்லாம்
அவள் காதில் வேறு வசனமாய் விழுந்திருக்கிறது.
ஒரு இரவு எழும்பியபோது கண்டேன்,
இருட்டுக்குள் பிள்ளையை மார்போடு வைத்திருந்தாள்.
நான் நித்திரை மாதிரிக் கிடந்தேன்.

கிளினிக்குக்குப் போன காலை
பஸ் நிலையத்தடியில் புள்ளிமான் ஒன்று
அட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்தது.
என்ன வயிறு!

புஸ்பராணி மிசி கார்ட்டை விரித்தாள்.
‘கோடு ஏறித்தானே போகுது?
பின்னேர அழுகை மூண்டு மாசத்தில தானா விடும்.
ஒரு டின்னையும் பத்து நாள் குடுத்துப் பாக்கேல்ல நீங்கள்.
எங்க, கலக்கிக் காட்டுங்கோ.’

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.
தண்ணீர் முதல். பிறகு கரண்டி, விளிம்போடு வழித்து,
ஒன்று, இரண்டு –
‘நில்லுங்கோ. இது எந்த டின்ர கரண்டி?’

மஞ்சள் மூடியினது.
பிடி நீளம், கைக்கு வாகு என்று
மூன்று டின்னுக்கும் அதையே வைத்திருந்தேன்.
மிசி மற்றதைத் தோண்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.
கண்ணுக்கே தெரிந்தது, ஒன்று பெரிது.
‘எண்ணினது சரி தம்பி,’ என்றாள்.
மெட்டில்டா சிரித்துவிட்டாள்.
காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவை;
என்னைப் பார்த்துத்தான், இருக்கட்டும்.

மஞ்சளுக்கே திரும்பினோம்.
பின்னேரம் ஏழு மணிக்கு இன்னும் கத்துகிறாள்.
இது பத்தாவது கிழமை.
நான் இப்போது சத்தமாக எண்ணுகிறேன்,
உள்ளேயிருந்து மெட்டில்டாவும்.

நேற்று, மூன்றுக்கும் நாலுக்கும் இடையில்
அழுகை நின்றது.
நித்திரையா, களைப்பா,
இரண்டு குரலையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறாளா,
தெரியவில்லை.
கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

‘நாலு,’ என்றாள் மெட்டில்டா.