என்ன ஆளுங்க

மாற்றல் உத்தரவில் தண்டையார்பேட்டை என்று
ஒரு வரி இருந்தது.
எங்கே தூங்குவது என்பதற்கு
இணைப்பு எதுவும் வைத்திருக்கவில்லை.

அரூரிலிருந்து ராத்திரி பஸ்.
காலையில் தரகர் தேவசகாயத்தின் ஸ்கூட்டி
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றது.
சரக்கு ரயில்.
அரை மாதக் கமிஷன் என்று ஆரம்பித்தவர்
கடைசிப் பெட்டி கடப்பதற்குள்
முழு மாதத்துக்கு வந்துவிட்டார்.
கேட் திறந்ததும் இன்னொன்றும் சொன்னார்:
"வூட்டுக்காரர் துபாய்ல கீறார்னு சொல்லுமா.
அதான் சோக்கா செட்டாவும்."

வீடு பார்க்க வருகிறவர்கள்
அடுப்பு மேடையைப் பார்ப்பார்கள்,
கக்கூஸ் கதவைச் சாத்திப் பார்ப்பார்கள்.
நான் மீட்டர் பெட்டியைப் பார்த்தேன்.
பதினோரு வருஷப் பழக்கம்.
சிவப்பு விளக்கு கண்சிமிட்டும் வேகத்தில்
உள்ளே எத்தனை ஃபேன், ஏசி உண்டா இல்லையா
சொல்லிவிடுவேன்.

முதல் வீட்டுக்காரர் பனியனோடு வந்தார்.
எத்தினி பேரு?
நானும் பையனும்.
அவரு?
இல்லை, என்றேன்.
துபாய் நாக்குவரை வந்து திரும்பிப் போனது.
அந்த ஒரு சொல்லுக்கு
வாடகையில் ஐந்நூறு ஏறியது.

பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி,
"என்ன ஆளுங்க நீங்க?"

அவர் கேட்டது எது என்று எனக்குத் தெரியும்.
அரூரிலும் அதே கேள்விதான்,
அங்கே குரலை இறக்க மாட்டார்கள்.
"கரண்ட் ஆபீஸ் ஆளுங்க.
ரீடிங் எடுக்கிற வேலை" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
மாடிச் சுவரோரம் தொங்கிய
கறுப்பு ஒயரைப் பார்த்தார்.
நானும் பார்த்துவிட்டேன்.
"பொண்ணு வருது ஊர்லேர்ந்து.
வூடு தர்றதுக்கில்ல."

அதன்பின் ஒன்பது நாளில்
எத்தனை மகள்கள் ஊரிலிருந்து வந்தார்கள்!
காலடிப்பேட்டையில் ஒருத்தி,
காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால்
இரண்டு பேர்.
சாதி சொல்லாததால் கொஞ்சம் கதவு,
மீட்டர் பார்த்ததால் மிச்சக் கதவு.
எது எதற்கு மூடியது என்று
என்னால் தனித்தனியாகக் கணக்கெடுக்க முடியவில்லை.

பையனை சித்தி வீட்டில் விட்டிருந்தேன்.
தினமும் ஃபோனில் ஒரே கேள்வி:
"பால்கனி இருக்காம்மா?"

செலினம்மா கதவைத் திறந்தபோது
கையில் பாதி அலசிய சுறா.
"தண்ணி காலீல நாலு மணிக்கு. அடி பம்பு.
எந்திரிப்பியா?"
எழுந்திருப்பேன்.
"ஆறு மாச அட்வான்ஸு.
கரண்டு யூனிட்டுக்கு ஒம்போது ரூவா, தனி மீட்டர்."
வாரியத்துக்கு அவள் எவ்வளவு கட்டுவாள் என்று
பைசாவரை எனக்குத் தெரியும்.
முதல் நூறு யூனிட் யாருக்கு இலவசம் என்பதும்.
மீனைப் பார்த்துக்கொண்டு
சரி என்றேன்.
வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து
தெரிந்தே ஒப்புக்கொண்ட முதல் தப்பு ரீடிங்.

பால்கனி இல்லை.
ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரியின் புகை,
அது விலகும் நேரத்தில் கடல்,
ஒரு கைக்குட்டை அகலம்.
பையன் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாம் நாள் இரவு, பெட்டிகளைப் பிரிக்கும்போது
கரண்ட் போனது.
தெரு முழுக்க ஒரு 'ஹா'.
கொஞ்ச நேரத்தில் வாசலில் செல்போன் வெளிச்சங்கள்,
லுங்கிகள், நைட்டிகள்,
இடுப்பில் அழும் குழந்தை ஒன்று.
"அக்கா, நீ கரண்ட் ஆபீஸாமே.
எப்ப வரும்?"
தெரியாது, நான் கணக்கெடுக்கிறவள் மட்டும்தான்,
ஒயரைத் தொட்டதே இல்லை என்றேன்.
ஒருவரும் காதில் வாங்கவில்லை.
"ஒரு ஃபோன் போடுக்கா" என்று
அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் வீட்டுப் பனியனும் நின்றிருந்தார்,
கூட்டத்தின் பின்னால்,
தெரு முனையில்தானே அவர் வீடு.
ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு
அவரைப் பார்த்துக் கேட்டேன்:

"பொண்ணு வந்தாச்சா சார்?"