பட்டியலில் பதினொன்றாவது

முதல் நாள் என் கால்சட்டையைக் கிழித்தது.
குரைக்கிற நாய் கடிக்காது என்று
யாரும் அதற்குச் சொல்லிவைத்திருக்கவில்லை.
குரைத்துக்கொண்டே கடித்தது.

மறுநாள் டெர்வ்லா வாயிற்கதவில் காத்திருந்தாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டப்போகிற அவசரம்,
கையில் ஒரு பழைய மாத்திரை டப்பா.
உள்ளே பாலாடைக்கட்டி,
பட்டாணிப் பட்டாணியாக நறுக்கியது.
"மன்னிப்புக் கேட்க வரவில்லை, ஃபீக்ரா.
உனக்கு ஒரு வேலை தர வந்தேன்."

ஃப்ரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கிறதாம்.
குடை. தாடி. சக்கர நாற்காலி.
ஓடுகிற குழந்தை. ஓடாமல் முறைக்கிற குழந்தை.
மாதா கோயில் மணி.
இப்படிப் போய்ப் பதினொன்றில்: தபால்காரர்.

மேலே டொனார்டுப் பக்கம், ஒரு செம்மறிக் கொட்டகையில்,
ஒரே மனிதனையும் ஒரே கதவையும்
ஒன்றரை வருடம் பார்த்து வளர்ந்த டெரியர்.
குட்டியில் கேட்க வேண்டியதை எல்லாம்
இப்போதுதான் முதல்முறை கேட்கிறது.
வாலை யாரோ ஒட்ட நறுக்கியிருந்தார்கள்.
நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள்,
இதற்கு நிமிர்த்தவும் ஒன்றுமில்லை, ஆட்டவும் ஒன்றுமில்லை.
மற்ற நாய்கள் கிட்டே வந்து
படிக்க ஒரு எழுத்தும் இல்லாமல்
குழம்பித் திரும்பின.

ராஷர் என்று பெயர்.
காலையில் சட்டியில் பொரிகிற பன்றித் துண்டு.

விதிகள் எனக்குத்தான், அதற்கில்லை.
பக்கவாட்டில் நில். கண்ணைப் பார்க்காதே.
கையை நீட்டாதே. தரையில் போடு, போய்விடு.
மஞ்சள் பூத்த கோர்ஸ் புதர்தான் எல்லை.
அதைத் தாண்டினால் முதுகு மயிர் எழும்.
பிப்ரவரி முழுக்கப் புதருக்கு இந்தப் பக்கம்.
மார்ச்சில் இரண்டடி.
ஏப்ரலில் ஒரு கூரியர் வேன் கதவை அறைந்து சாத்த
மறுபடி பிப்ரவரி.

மழையில் ஊறிய மின்கட்டண ரசீதுகளோடு
பாலாடைக்கட்டி வாடை வீசும் பையோடு
நான் மற்ற வீடுகளுக்குப் போனேன்.
ஊர்ப் பூனைகள் எல்லாம் எனக்கு நண்பர்களாயின.

மே மாதம் அவள் படியில் அமர்ந்து
கட்டைவிரலும் சுட்டுவிரலுமாய்
அவன் முதுகின் செத்த மயிரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
கத்தரி போட்டால் இந்த ரோமம் கெட்டுவிடும், பொறுமைதான் என்றாள்.
உருண்டை உருண்டையாக வேலியில் செருகினாள்,
கூடு கட்டும் குருவிகள் எடுத்துப் போக.
அவன் கண்மூடி, கழுத்தை அவள் முழங்காலில் போட்டிருந்தான்.
நான் கதவைத் திறந்தேன்.
ஒரு கண் திறந்தது.
மூடிக்கொண்டது.

அன்று மீதி வீடுகளுக்குக் கடிதங்களை
மாற்றி மாற்றிப் போட்டேன் என்று
பிறகு புகார் வந்தது.

ஜூனில் காலடியில் உட்கார்ந்தான், என் செருப்பின் மேலேயே.
அந்தக் குட்டை வால், அரை அங்குலம்,
இடமும் வலமும் துடித்தது.
எனக்கு அது போதுமான வாக்கியம்.

அந்த ஞாயிறுதான் அந்த வழியாக நடந்தேன்,
வேலையில்லாமல், சீருடையில்லாமல், பையில்லாமல்,
இஸ்திரி போட்ட சட்டையில்.
ஏன் அந்த வழி என்று கேட்காதீர்கள்.
வேலி அதிர, பல் தெரிய,
கொலைகாரனைக் கண்டதுபோல் பாய்ந்தான் ராஷர்.
ஐந்து மாதம் அவன் கற்றது
ஒரு பச்சைச் சட்டையை,
பையின் வாரை,
காலை ஒன்பதே முக்காலை.
என்னை அல்ல.

டெர்வ்லா சிரித்தபடி வெளியே வந்தாள்.
"நாய்கள் அப்படித்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் கற்கும்."
உள்ளே போய்ப் பேனா தேடுகிற சத்தம்.
ஜன்னல் வழியே கேட்டாள்,
பன்னிரண்டில் என்ன எழுதட்டும்,
தபால்காரர் என்றா, ஃபீக்ரா என்றா?

பதில் சொல்ல வாய் வரவில்லை.
கோர்ஸ் புதருக்கு இந்தப் பக்கம் பின்வாங்கி
பக்கவாட்டில் திரும்பி நின்றேன்,
அவன் கண்ணைப் பார்க்காமல்,
அவள் கண்ணையும்.