கணக்கு ரியூசன்

திங்கள், புதன், வெள்ளி
பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கொக்குவில்.
ரெயில் கடவையில் இறங்கி, சைக்கிளை உருட்டி
மூன்று மணிக்குள் கேற்றைத் திறக்கவேண்டும்.
பெயர்ப்பலகை இல்லை.
முன்பு பல் டொக்டர் இருந்த வீடு.
சுவரில் இன்னும் ஒரு கடைவாய்ப் பல்
பாதி சுரண்டியபடி சிரிக்கிறது.

அயலுக்கு இது கணக்கு ரியூசன்.
எந்த மாஸ்டர் என்று யாரோ கேட்டபோது
கையிலிருந்த கீரைக்கட்டைப் பார்த்துவிட்டு
"சிவபாதம் மாஸ்டர்" என்றா அம்மா.
அன்றிலிருந்து சிவபாதம் மாஸ்டருக்கு
வயது அறுபத்திரண்டு, தடித்த கண்ணாடி,
சரியான கடுமை, ஆனால் நல்ல முடிவுகள்.
மாதக் காசு எவ்வளவென்று கூட
அம்மா முடிவு செய்துவிட்டா.

உள்ளே நாங்கள் ஏழு பேர்.
வட்டமாய்ப் பிளாஸ்ரிக் கதிரைகள்.
ஒன்றின் கால் வெடித்தது;
பேசி வைக்காமலே முறைபோட்டு அதில் இருக்கிறோம்.
கைபேசிகள் பிஸ்கற் ரின்னுக்குள்.
"இண்டைக்கு எத்தனை?" என்பா எமில்டா மிஸ்.
பத்துக்கு எத்தனை என்று அர்த்தம்.
தர்சிகன் மூன்று.
நிரோஜினி ஆறு, பிறகு யோசித்து ஐந்தரை.
நான் நாலு.

பத்துக்கு நாலு எடுத்தும்
ஒருவரும் ஏசாத இடம்
யாழ்ப்பாணத்தில் இது ஒன்றுதான்.

தொண்ணூற்றிரண்டு எடுத்த அன்று வீட்டில்
மிச்ச எட்டும் எங்கே என்று கேட்டார்கள்.
மிஸ் கேட்டது வேறு:
"ஏன் நாலு? ஏன் மூண்டு இல்லை?"
கனநேரம் யோசித்தேன்.
மத்தியானம் பாதிச் சோறு சாப்பிட்டேன் என்றேன்.
"அப்ப அந்த ஒண்டு, அந்தப் பாதிச் சோறு."
எழுதிக்கொண்டா.

நெஞ்சு அடைத்தால்
கண்ணுக்குத் தெரிகிற ஐந்தைச் சொல்லச் சொன்னா.
தவணைப் பரீட்சையில் செய்து பார்த்தேன்.
ஃபான். ஜன்னல் கம்பி. ரீச்சரின் சீலைக் கரை.
முன் வாங்குக்காரியின் பின்னலில் அவிழ்ந்த றிபன்.
ஐந்தாவது கிடைக்கவில்லை.
என் கையைச் சொன்னேன்.

அப்பா ஒருதரம் வந்தார்.
வங்கியிலிருந்து நேரே, ரையும் கழற்றாமல்.
என்னைப் பார்க்காமல் சுவர்ப் பல்லைப் பார்த்துப் பேசினார்.
"நாங்கள் இவவுக்கு ஒரு குறையும் வைக்கேல்லை."
மூன்று முறை சொன்னார்.
மூன்றாம் முறை அது கேள்வி மாதிரிக் கேட்டது.

ஒரு புதன் தர்சிகன் வரவில்லை.
மிஸ் போனோடு முற்றத்துக்குப் போனா.
நாங்கள் பிளேன்ரீயை ஆற விட்டோம்.
கடவை மணி அடித்தது. ரெயில் போய் முடியும்வரை
ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வந்தான்.
மணிக்கட்டில் ஆசுப்பத்திரி நாடா,
வெட்டி எறிய மறந்தானோ, மனமில்லையோ.
வெடித்த கதிரை அன்று அவன் முறை.
நிரோஜினி எழும்பிப் போய் அதில் இருந்துகொண்டாள்.
"எத்தனை?"
"ஒண்டு."
"வந்திருக்கிறாய்" என்றா மிஸ்.
அதற்கு மேல் அன்று அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

போன ஞாயிறு
உடுப்புக் காயப்போடும் நேரம்
மதிலுக்கு மேலால் தவமலர் அன்ரி:
"உங்கட சிவபாதம் மாஸ்டர்
பெடியங்களையும் எடுப்பாரோ?"
அம்மா வாயைத் திறந்தா, மூடினா.
"இப்ப இடமில்லைப் போல..."
அன்ரி ரோட்டைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினா.
"கணக்கு அவனுக்கு நல்லா வரும்.
அதில்லை.
நித்திரைதான் வருகுதில்லை."

அம்மா கையில் ஒரு கிளிப்போடு நின்றா.
என் பள்ளிக்கூடச் சட்டை கொடியில் ஒற்றைத் தோளில் தொங்கியது.
மோட்டார்சைக்கிள் ஒன்று போய் மறையும்வரை பொறுத்து,
"எடுப்பினம்" என்றா.
"மாஸ்டர் எண்டு ஒருத்தரும் இல்லை.
ஒரு பொம்பிளைப் பிள்ளைதான். நல்ல பிள்ளை.
நாளைக்கு வாங்கோ, சேர்ந்து போவம்."

நான் ஜன்னலுக்கு உள்ளே
புத்தகத்தைத் திறந்தபடி
கேட்காத மாதிரி இருந்தேன்.
யாரும் எத்தனை என்று கேட்கவில்லை.
நாலரை இருக்கும்.