212-க்கு அடுத்து 341

மண்டபம் டோக்கன் ஆபீசில்
தடைக்காலத்தில் வேலை என்று பெரிதாக இல்லை.
வடகடலுக்கும் டோக்கன் இல்லை, தென்கடலுக்கும் இல்லை.
விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடக்க
ஏசிக்குக் கீழே நானும் ஒரு நிரலும்.

குறுஞ்செய்திக் கம்பெனியின் மே மாத பில்.
பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில்
முப்பத்தொன்று.
சிவப்பு மையில் வட்டம் போட்டு
வில்லாயுதம் சார் எழுதியிருந்தார்:
"ஒரு போட்டும் போகலையே, இது யாருக்குப் போச்சு?"

எனக்கு முன்னால் இருந்த ஹபீப் நைனா எழுதிய நிரல்.
அவர் இப்போது தோஹாவில்.
நாலாயிரத்து எழுநூறு வரி,
படிப்படியாக உள்ளே தள்ளி,
ஒவ்வொரு தலைப்புக்கும் ஓரத்தில் சின்ன அம்பு.
அம்பு கீழே பார்த்தால் திறந்திருக்கிறது.
வலப்பக்கம் பார்த்தால் மூன்று புள்ளி வைத்து
வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் மடி, என்றேன்.
நாலாயிரத்து எழுநூறும் முப்பத்தெட்டாகச் சுருங்கிற்று.
டோக்கன் கொடு…
டீசல் மானியம்…
காற்று எச்சரிக்கை…
பக்கத்துப் பலகையில் அவற்றின் பெயர்ப்பட்டியல்.
எண்ணினேன், முப்பத்தேழு.
இன்னொரு தரமும் முப்பத்தேழு.

ஒன்றுக்குப் பெயரில்லை.
விளிம்பில் எண்கள் 211, 212,
341.

எங்கள் ஊரில் மடி என்றால்
இழுவலையின் கடைசிப் பை.
கப்பியில் தூக்கி, தளத்துக்கு மேலே ஆடவிட்டு
ஒருத்தர் அடிக்கயிற்றை உருவுவார்,
மற்றவர்கள் விலகி நிற்பார்கள்.
அம்பைத் தட்டிவிட்டு
நானும் கையை எடுத்துக்கொண்டேன்.

நூற்று இருபத்தெட்டு வரி.
பெரும்பாலும் பாசியும் கிளிஞ்சலும்:
எவரும் கூப்பிடாத மாறிகள், அரைகுறைச் சோதனைகள்,
காற்றுவேகத்துக்கு ஒரு தப்பான சூத்திரம்.
நடுவில் ஒரு கடிகாரம். தினமும் மாலை ஆறு.
ஒரே ஒரு போன் எண்.
ஒரே ஒரு வாக்கியம்:
"4417 இன்னும் கரை திரும்பவில்லை."

4417 பட்டியலில் இல்லை.
மூன்று வருஷம் முன்பே பெயர் நீக்கியாயிற்று,
அன்றோடு செய்தியும் நின்றிருக்க வேண்டும்.
மேலே, இயந்திரம் படிக்காத வரிகளில், நைனா:

"தங்கச்சிமடத்துல இருந்து கொலேத்தம்மாள் வந்தாங்க.
நிறுத்தினது யாருன்னு கேட்டாங்க.
ஆறு மணிக்குப் போன் சத்தம் கேக்காட்டி
அடுப்புப் பத்தவைக்கவே ஓடலையாம்.
அவருதான் வரல தம்பி,
வரலைங்கிறதாவது வந்துக்கிட்டு இருக்கட்டும்னாங்க."

கீழே வேறொரு தேதியில்:
"அடுத்து வர்றவங்களுக்கு.
அழிக்கிறதா இருந்தா
நேர்ல போய்ச் சொல்லிட்டு அழிங்க."

பாலம் தாண்டினால் அரைமணி நேரம்கூட ஆகாது.
ஸ்கூட்டியில் பெட்ரோல் இருந்தது.
போகவில்லை.

செத்த மாறிகளை எடுத்தேன், சூத்திரத்தை எடுத்தேன்.
மிச்சம் பத்தொன்பது வரி.
பெயர் வைக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.
வைத்தால் பலகையில் வந்து நிற்கும்,
வில்லாயுதம் சார் கண்ணில் படும்.
அம்பை வலப்பக்கம் திருப்பினேன்.
212-க்கு அடுத்து இப்போது 232.

"19 வரிகள் மடிந்தன" என்றது எடிட்டர்.
யார் தமிழ்ப்படுத்தினார்களோ,
மடிக்கப்பட்டன என்று போட்டிருக்கலாம்.

பில்லில், சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்:
சோதனைச் செய்தி, தினம் ஒன்று.
பதினெட்டு பைசா வீதம்
ஐந்து ரூபாய் ஐம்பத்தெட்டு பைசா.
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதவில்லை,
அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

கச்சான் ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தது.
ஆறு மணி இரண்டு நொடிக்கு
அனுப்பியவை பட்டியலில் ஒரு புது வரி.

4417 இன்னும் கரை திரும்பவில்லை.
நிலை: சேர்ந்தது.