தேய்மானம்

பிரெஷியா புறநகரில் பிப்ரவரி மூடுபனி.
ஒரே நாளில் ஒரே கார் இரண்டு முறை என் பட்டறைக்கு வந்தது:
காலையில் கணவருடையது,
மாலையில் முன்னாள் மனைவியுடையது.
ஒரே வருடம், ஒரே அடர்பச்சை,
அடுத்தடுத்த சட்டக எண்கள்.
பச்சையை அன்று யாரும் சீண்டவில்லை.
இன்று பச்சைக்குத்தான் கூடுதல் காசு.

பல் மருத்துவர் ஃபுல்வியோ
கை நிறைந்த ஒரு வசந்தத்தில் ஜோடியாக வாங்கியவை.
ஒன்று ஓட்ட, ஒன்று வைக்க.
விவாகரத்தில் ஆளுக்கொன்று என்று தீர்ந்தபோது
வைத்ததை அவர் எடுத்துக்கொண்டார்.
கெட்டிக்காரர்.

என் வேலை விலை சொல்வது.
ஒரு டார்ச்,
பெயிண்டின் தடிமன் பார்க்கும் சிறு கருவி,
எதையும் காட்டிக்கொடுக்காத முகம். முதலீடு அவ்வளவே.

அவருடையது லாரியில் வந்து இறங்கியது.
பதினெட்டு வருடம்; ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
இருக்கையில் இன்னும் பிளாஸ்டிக் உறை.
ஞாயிறுதோறும் உள்ளே போய் உட்கார்வாராம்,
சாவி போடாமல்.
"மழையே பார்த்ததில்லை" என்றார்,
மாப்பிள்ளை வீட்டாரிடம் மகளைப் பற்றிப் பேசும் குரலில்.

எஞ்சின் மூடியைத் தூக்கினேன்.
ஹேசல்நட் ஓடுகள். எலி கட்டிய மெத்தை.
நின்ற இடத்திலேயே ஒரு பக்கம் தட்டையாகிப்போன டயர்கள்.
ரப்பர் எல்லாம் அப்பளம்.
ஓடினாலும் ஓடாவிட்டாலும்
நாலு வருடத்துக்கு ஒருமுறை
எஞ்சினை இறக்கி பெல்ட் மாற்ற வேண்டிய ஜாதி இது.
யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்:
சொன்னவர் யானைக்குத் தீனி போட்டவர் இல்லை போலும்.

விலையைச் சொன்னேன்.
வாங்கிய விலைக்கு மேலே கொஞ்சம்.
அவர் முகம் மலர்ந்தது.
கொட்டகை வாடகை, காப்பீடு, நாலு பெல்ட்டு
என்று நான் கூட்டிக் காட்டவில்லை.
அதற்கு எனக்குக் கூலி இல்லை.

ஒர்னெல்லா ஓட்டிக்கொண்டே வந்தாள்.
கால்நடை மருத்துவர். மலைப்பக்கம் வீடு.
தொண்ணூற்று நாலாயிரம் கிலோமீட்டர்.
பக்கத்து இருக்கையில் ஆட்டு வாடை;
பிரசவத்தில் சிக்கிய ஒரு குட்டியை
அதில்தான் தூக்கிப்போனாளாம், நள்ளிரவில்.
கதவில் நாய் நகம் போட்ட கோடு: எண்ணூறு யூரோ கழிவு.
கட்டைவிரல் படும் இடத்தில் ஸ்டியரிங் தோல்
கண்ணாடியாய் மின்னியது. அதற்கும் கழிவு.

படிவத்தில் தேய்மானம் என்று ஒரு கட்டம் உண்டு.
நிலவும் தேய்கிறது, பதினைந்து நாளில் திரும்புகிறது.
கார்களில் சிலதும் திரும்பும், பதினைந்து வருடம் கழித்து.
இதற்கே ஒரு காலத்தில் அடிமாட்டு விலைதான் கேட்டார்கள்.
பிறகு கையால் கியர் போடும் கார்கள் அரிதாகி
ஆட்கள் தேடத் தொடங்கினார்கள்.
ஆனால் பெரும்பாலானவை தேய்ந்தது தேய்ந்ததுதான்.
எது திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்தால்
ஊரான் காருக்கு விலை சொல்லி நான் ஏன் பிழைக்கிறேன்?

"அவருடையதைவிட எவ்வளவு கம்மி?" என்றாள்.
தொழில் ரகசியம் என்றேன். சிரித்தாள்.
இப்படிப்பட்ட ஜோடியில் வித்தியாசம் வழக்கமாக
நாற்பத்தோராயிரம் வரை இருக்கும் என்றும் சொல்லிவைத்தேன்.
என் பேனாவைப் பிடுங்கி
பெட்ரோல் ரசீதின் முதுகில் வகுத்தாள்.
"கிலோமீட்டருக்கு அரை யூரோகூட இல்லை.
டாக்ஸியே தேவலாம் என்று இனி யார் சொல்வார்கள்?"
ரசீதின் முகத்தில் இருந்த தொகையை
அவள் சேர்க்கவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

விற்க வரவில்லையாம். காப்பீட்டுக்குத்தான்.

அவள் வாசலைத் தாண்டும்போது போன் அடித்தது. ஃபுல்வியோ.
விலையை ஒருமுறை எழுத்தில் கேட்டார்.
பிறகு பேச்சு நின்றது.
வெளியே மூடுபனிக்குள் அவள் கியர் மாற்றுவது
அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"மூன்றாவதில் ஒரு தட்டு வரும்.
இன்னும் தட்டுகிறதா?"

தட்டுகிறது என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சுதான் கேட்டது.
பிறகு தன் காரின் விலையை
மறுபடி சொல்லச் சொன்னார்.
சொன்னேன்.
காலையில் சொன்ன அதே தொகை,
ஒரு யூரோ குறையவில்லை.