நூற்றிருபது சொல்

நிகழ்ச்சிக் கையேட்டில் அவனுக்கு ஒதுக்கியது
நூற்றிருபது சொல்.
எதிர்ப்பக்கம் முழுக்கப் பல் மருத்துவமனை விளம்பரம்.

ஓர்சோ மரங்கோனி.
வெனிஸில் ஒரு சவரக்காரர் மகன்.
எழுதியது நாற்பத்தோரு ஓபரா.
மிஞ்சியது இரண்டேகால்.
இதற்கே பதினோரு சொல் போயிற்று.

மூன்று வாரத்தில் ஒன்றை முடித்துவிடுவானாம்.
அவசரத்துக்கு,
போன வருஷம் ராணி அழுத பாட்டையே
இந்த வருஷம் கடற்கொள்ளையனுக்குக் கொடுப்பான்.
ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.
பாடகனின் கூலி அவனுடையதைப்போல் ஆறு மடங்கு
என்று எழுதியிருந்தேன்.
செயலாளர் திருவாட்டி ரோசலின் அடித்துவிட்டார்.
எங்கள் பாடகருக்கு இன்னும் முன்பணமே போகவில்லை.

ஜார்ஜ்டவுனில் நான்கு நாளாய் மழை.
லெபோ பந்தாயில் பழைய கிடங்கு ஒன்றில் ஒத்திகை.
ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி சேர்த்துவிட்டு
யீப் ஒரு கோப்பி ஓ வாங்கி வருவதற்குள்
பலகை ஈரம் குடித்து
சுருதி ஏறிக்கிடக்கும்.
திட்டிக்கொண்டே மறுபடி உட்காருவான்.

எனக்கு இன்னொரு வேலை,
மேடைக்கு மேலே திரையில் ஓடும் வரிகளைத் தட்டிவிடுவது.
மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.
தமிழ் வரி என் தொண்டைக்குள் மட்டும் ஓடும்.
"போகாதே" என்று சொல்ல
மரங்கோனிக்குப் பதினொன்றரை நிமிடம் வேண்டும்.
அப்பா சிங்கப்பூர் பஸ் ஏறிய காலையில்
அம்மா கேட்டது,
"குடை எடுத்தீங்களா?"

அவன் பாட்டெல்லாம் ஒரே கட்டு.
முதல் பாகம், நடுவில் வேறொன்று,
பிறகு "முதலிலிருந்து" என்று மூலையில் ஒற்றைச் சொல்.
மறுமுறை வரும்போது
திரையை இருட்டாக்கிவிட வேண்டும்.
சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்றாம்.

அப்போதுதான் பூன் கியாட்,
பகலில் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவன்,
அந்த உச்சக் குரலில்
ஏட்டில் இல்லாததையெல்லாம் செருகுகிறான்.
அதே போகாதேதான்.
முதலில் கெஞ்சல், அப்புறம் கோபம்,
கடைசியில் ஒருமாதிரி வெட்கம்.

மரங்கோனியின் கடைசிக் கடிதம்
மெழுகுவத்திக் கடைக்காரனுக்கு.
மீதியை ஈஸ்டருக்குள் தருகிறேன்.
ஈஸ்டருக்கு ஒன்பது நாள் முன்னால் போய்விட்டான்.
கல்லறை எதுவென்று தெரியவில்லை.
கடனைக் கையேட்டில் போட்டால்
ரோசலின் மறுபடி அடிப்பார்.
போட்டேன்.

மணி பத்தரை. கூரையில் மழை வலுக்கிறது.
கீழே யாரோ "முதலிலிருந்து" என்கிறார்கள்.
பூன் கியாட் மூச்சு இழுக்கிறான்.
திரையை இருட்டாக்குகிறேன்.

குடை எடுத்தீங்களா.
குடை
எடுத்தீங்களா.